காக்ஸ் டவுனில் உட்கார ஓர் இடம்

"கூட யாரு வந்திருக்காங்க?"

பெங்களூரில் இறங்கிய காலையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ்; பெயர் வேண்டாம். யாரும் வரவில்லை, நான் மட்டும்தான் என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் ஆதார் அட்டையை ஒரு தடவை பார்த்தார், கம்ப்யூட்டரை ஒரு தடவை பார்த்தார், ரூம் காலி இல்லை என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவதற்குள், எனக்குப் பின்னால் நின்ற கணவன் மனைவிக்குச் சாவி எடுத்துக் கொடுத்தார். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். அந்தப் படிக்கட்டில் நின்றபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

மதுரைத் தோழி ஒருத்தி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு போன் நம்பர் கொடுத்திருந்தாள். காக்ஸ் டவுனில் மாடி அறையைப் பெண்களுக்கு மட்டும் வாடகைக்கு விடுகிற வீடு. ஆட்டோ பிடித்துப் போனேன். கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மா என் பையையும் முகத்தையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எந்த ஊரு?"

இரண்டுமே கேள்விதான். முதல் கேள்விக்குப் பதில் சொன்னதும் கதவு மூடிக்கொண்டது. இரண்டாவதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் காபி வந்துவிட்டது.

அந்த வீட்டில் ஒன்பது நாள் இருந்தேன். பெங்களூரில் பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் உட்கார்ந்த இடங்களைப் பற்றி எழுதுகிறேன். தனியாகப் போகிறவருக்கு, அதிலும் பெண்ணுக்கு, ஒரு ஊரின் குணம் எங்கேயாவது போய் உட்காரும்போதுதான் பிடிபடுகிறது.

காக்ஸ் டவுன் கண்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்தது. ஒரு பக்கம் பிரேசர் டவுன், ஒரு பக்கம் குக் டவுன், தெற்கே கொஞ்சம் நடந்தால் அல்சூர் ஏரி. மூன்று டவுனுக்கும் வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர்கள். காக்ஸ், இங்கே கலெக்டராக இருந்தவர். 1898இல் பெங்களூரைப் பிளேக் நோய் அடித்துப் போட்டது. நெருக்கியடித்து வாழ்ந்த பழைய பேட்டைகளிலிருந்து ஜனங்களை வெளியே குடியமர்த்த, அகலமான தெருக்களும் காற்றோட்டமான வீடுகளுமாகப் புதிய பகுதிகள் எழுந்தன. பிரேசர் டவுனுக்கு 1906இல் அடிக்கல் நாட்டினார்கள். இன்றைக்கும் சில தெருக்களில், ஜன்னலுக்கு மேல் மரச்சட்டத்தால் கூரான முகப்பு வைத்த பழைய பங்களாக்கள் மிஞ்சியிருக்கின்றன. மங்கி டாப் என்பார்கள். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதற்காகச் சில வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.

ஆங்கிலேயர் பெயர் வைத்தார்கள். குடியேறியவர்களில் பெரும்பகுதி நம் பக்கத்து ஜனங்கள். மதராஸ் சாப்பர்ஸ் என்ற படைப்பிரிவு, 1780இல் தொடங்கியது, 1834இல் பெங்களூருக்கு வந்தது. அந்தச் சிப்பாய்களுக்கு ராணுவத்தில் இன்றைக்கும் செல்லப்பெயர் 'தம்பி'. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட்டுக்கு ரயில் ஓட ஆரம்பித்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் பக்கமிருந்தும் கொத்தனார், சமையல்காரர், தையல்காரர், ரயில்வே கூலி என்று ஆள் ஆளாக ஏறி வந்தார்கள். பெரும்பாலோர் முதலில் தனியாகத்தான் வந்திருப்பார்கள். குடும்பம் பின்னால் வந்தது. என் வீட்டுக்கார அம்மாவின் தாத்தாவும் ஆரணியிலிருந்து பதினாறு வயதில் ஒற்றை ஆளாக வந்தவர். "வந்து மூணு நாள் கண்டோன்மென்ட் ஸ்டேஷன்லதான் படுத்திருந்தாராம். அப்புறம் ஒருத்தர் எந்த ஊருடான்னு கேட்டுக் கூட்டிட்டுப் போனாராம்." இதை அவர் முதல் நாளே சொன்னார். அதன் அர்த்தம் எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது.

தர்ஷினி பெங்களூரின் சொந்தக் கண்டுபிடிப்பு. நின்றுகொண்டே சாப்பிடுகிற, சீக்கிரமாகவும் சுத்தமாகவும் கிடைக்கிற சிறிய ஓட்டல். 1983இல் ஜெயநகரில் தொடங்கிய கஃபே தர்ஷினிதான் முதலாவது என்பார்கள். இப்போது மூலைக்கு மூலை இருக்கிறது. தனியாகப் போகிறவருக்கு இதில் ஒரு பெரிய நிம்மதி. நான்கு பேர் மேசையில் ஒற்றையாக உட்கார்ந்து, சர்வர் முகம் சுளிப்பதைப் பார்க்க வேண்டியதில்லை. எல்லாரும் நிற்கிறார்கள், நாமும் நிற்கிறோம்.

காலை ஏழரைக்கு முதல் நாள் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. கவுன்ட்டரில் அவர் "ஒன் பை டூ காபி" என்றார். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்து வாங்குவது இந்த ஊர்ப் பழக்கம். அவர் கூட யாரும் இல்லை. திரும்பி என்னைப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் தமிழில், "முழுக் காபி குடிச்சா எனக்கு ஒத்துக்காது. பாதி நீங்க குடிக்கிறீங்களா?" என்றார். பாதி டம்ளர் காபி, மேலே நுரை, இடது கையில் நீட்டாமல் வலது கைக்கு மாற்றி நீட்டினார். நான் பணத்தை எடுத்தேன். "நாளைக்கு நீங்க குடுங்க" என்றார்.

அந்த 'நாளைக்கு' என்ற வார்த்தைக்காகவே அடுத்த நாளும் ஏழரைக்குப் போனேன். அன்று நான் கொடுத்தேன். மூன்றாம் நாள் பேச்சே இல்லை. தூரத்தில் என்னைக் கண்டதும் கவுன்ட்டர் பையனிடம் இரண்டு விரலைக் காட்டினார். தினமும் நான்கு நிமிடம்தான். அவர் பேருந்துக்கு ஓட வேண்டும். ஆனால் பழக்கமில்லாத ஊரில் எழுந்திருக்கும்போதே, ஏழரைக்கு ஒருவர் நம்மை எதிர்பார்ப்பார் என்ற நினைப்பு எவ்வளவு பெரிய பலம் என்பதைத் தனியாகப் போனவர்கள் அறிவார்கள். தினம் புதுப்புது ஓட்டலாகத் தேடிப் போயிருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது. ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் மூன்று நாள் போக வேண்டும்.

நல்ல காபிக் கடைகள், நாற்காலி போட்டு ஏசி வைத்தவை, அந்தப் பகுதியில் நிறைய இருக்கின்றன. ஒன்றில் போய் உட்கார்ந்தேன். எல்லாரும் மடிக்கணினிக்குள் இருந்தார்கள். காலி நாற்காலிகளில் அவரவர் பை உட்கார்ந்திருந்தது. மறுபடி போகவில்லை. இன்னொரு தெருவில் அழகான சிறிய பூங்கா, வாசலில் குடியிருப்போருக்கு மட்டும் என்று பலகை. வெயிலில் அந்தக் கம்பிக்கு வெளியே நின்று உள்ளே காலியாக இருந்த நான்கு பெஞ்சுகளைப் பார்த்துவிட்டு நடந்தேன்.

மாநகராட்சிப் பூங்காக்களும் பல வருடம் நண்பகலில் பூட்டியே இருந்தன. காலையில் நடப்பவர்கள் போனதும் பூட்டு, பிறகு வெயில் தாழத் திறப்பு. தெருவில் உழைப்பவருக்கும் வெளியூர்க்காரருக்கும் நிழல் தேவைப்படுகிற நேரம் எதுவோ அந்த நேரத்தில் பூட்டு. 2024 ஜூனில், காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை பூங்காக்கள் திறந்திருக்கும் என்று அறிவித்தார்கள். நான் பிரேசர் டவுன் கோல்ஸ் பார்க்கில் போய் உட்கார்ந்தது பகல் பன்னிரண்டு மணிக்கு. பெஞ்சில் ஒரு டெலிவரி பையன் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்துப் பெஞ்சில் முஸ்லிம் பாட்டியம்மா ஒருவர் பேரனுக்கு டிபன் பாக்ஸிலிருந்து ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ஊட்டா ஆய்தா?" என்றார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். ஆச்சு என்று தலையாட்டினேன். அடுத்து, "யாவ ஊரு?" கன்னடத்திலும் ஊரு ஊருதான். மதுரை என்றேன். "மீனாட்சி" என்றார் அந்த அம்மா, உடனே. அதற்கு மேல் எங்களுக்குப் பொது மொழி இல்லை. அரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம்.

காக்ஸ் டவுனுக்கு அரசாங்கம் வைத்த பெயர் சர்வக்ஞ நகர். சர்வக்ஞர் கன்னடத்தில் மூன்றடிப் பாடல்கள் பாடிய கவி. வள்ளுவர் நமக்கு எப்படியோ அவர்களுக்கு அவர் அப்படி. அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை ஒன்றை 1991இல் நிறுவினார்கள். எதிர்ப்பு கிளம்பியதால் திறக்க முடியவில்லை. பதினெட்டு வருடம் சிலை மூடியே கிடந்தது. கடைசியில் 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி, அன்றைய இரு மாநில முதலமைச்சர்கள் கருணாநிதியும் எடியூரப்பாவும் சேர்ந்து நின்று திறந்தார்கள். நான்கே நாளில், 13ஆம் தேதி, சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். நான் தங்கியிருந்த பகுதிக்குப் பெயர் கொடுத்தவர் அயனாவரத்தில் நிற்கிறார், நம் வள்ளுவர் இங்கே ஏரிப் பக்கம் நிற்கிறார். இரண்டு பேருமே வெளியூரில் இருப்பவர்கள். எனக்கு அது ஏனோ பிடித்திருந்தது.

சிலைக்கு அருகிலேயே அண்ணாசாமி முதலியார் சாலையில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். 1950இல் தொடங்கியது. நூலகம் இருக்கிறது. நான்கு நாள், மதியம் மூன்று மணிக்கு அங்கே போனேன். வாசிப்பு மேசைக்கு எந்த வெளியூர்க்காரரும் பயப்பட வேண்டாம். பேப்பரைப் பிரித்துக்கொண்டால் நம்மை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். பேச நினைத்தால் பேப்பரை மடித்தால் போதும். இரண்டாம் நாள் நான் மடித்ததும், எதிரே இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊரு என்று கேட்டுவிட்டு, தன் ஊரைச் சொல்லாமல், "எனக்கு இதுதான் ஊரு" என்றார்.

1991 டிசம்பரைப் பற்றி நானாகக் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். காவிரி நடுவர் மன்ற இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி நடந்த கலவரம். தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அவர் குடும்பத்தை எதிர் வீட்டுக் கன்னடக் குடும்பம் நான்கு நாள் உள்ளறையில் வைத்துச் சோறு போட்டது. பலர் ஊரைவிட்டே போனார்கள். இவர் போகவில்லை. "எங்கே போறது? அங்கே போனாலும் எந்த ஊருன்னுதான் கேப்பாங்க. பெங்களூருன்னு சொல்லணும்." சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதே காவிரிப் பிரச்சினையில் 2016 செப்டம்பரிலும் பஸ்கள் எரிந்தன. எந்த ஊரு என்ற கேள்வி ஒரு நாளில் பரிவாகவும் இன்னொரு நாளில் மிரட்டலாகவும் மாற முடியும். அதை மறைத்துவிட்டு இந்த ஊரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அதே ஏரிக்கரையில், கென்சிங்டன் ரோட்டில் சீக்கியர்களின் குருத்வாரா. போகலாமா, நம்மை உள்ளே விடுவார்களா என்ற தயக்கத்தோடு வாசலில் நின்றேன். செருப்பைக் கழற்றி, காலைக் கழுவி, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உள்ளே போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. சமையல்கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தபோது ஒரு சீக்கிய அம்மா, ரொட்டி திரட்டிக்கொண்டிருந்தவர், தன் பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். உட்கார் என்று அர்த்தம். கையில் ஒரு பூரிக்கட்டை வந்தது.

எனக்குச் சப்பாத்தி வட்டமாக வரும். முதலிரண்டு கோணலாக வந்தன, பதற்றத்தில். அந்த அம்மா என் கோணல் ரொட்டியை எடுத்துத் தன் குவியலின் மேல் வைத்துக்கொண்டார். பிறகு வந்துவிட்டது. எங்கள் வரிசையில் பதினோரு பேர். பஞ்சாபி, இந்தி, ஒரு பெண் மலையாளம். மாவு உருண்டை இடப்பக்கமிருந்து வரும், திரட்டியது வலப்பக்கம் போகும், அங்கே ஒருவர் பெரிய கல்லில் போட்டுப் புரட்டுவார். யாரும் நிறுத்தவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு மணி நேரத்தில் முன்னூறு நானூறு ரொட்டி இருக்கும். என் புடவையில் மாவு, நெற்றியில் வியர்வை. லாட்ஜ் படிக்கட்டில் அடைத்த தொண்டை அன்றைக்குத்தான் திறந்தது.

பிறகு கூடத்தில் பாய் மேல் வரிசையாக உட்கார்ந்தோம். பணக்காரர், கூலிக்காரர், கல்லூரிப் பிள்ளைகள், அந்த வழியாக வந்த யாரோ. எல்லாருக்கும் ஒரே தரை, ஒரே பருப்பு. குரு நானக் காலத்திலிருந்து வருகிற வழக்கம். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும்; அதற்கு அங்கே பெயர் பர்ஷாதா, பிரசாதம் என்பதுதான். கையேந்துவதற்கு ஒரு கணம் கூச்சமாக இருந்தது. என் வலப்பக்கம் தங்க வளையல் போட்ட அம்மாவும் ஏந்தினார், இடப்பக்கம் ஆட்டோ ஓட்டுநர் சட்டை போட்டவரும் ஏந்தினார். நானும் ஏந்தினேன். அந்த ரொட்டி நான் திரட்டியதாகக்கூட இருந்திருக்கலாம்.

இந்த ஒன்பது நாளில் நான் கண்டுகொண்டது இதுதான் என்றால் மிகையில்லை: வெளியாளுக்குச் சோறு போடுகிற இடத்தைவிட, வெளியாள் கையில் வேலை கொடுக்கிற இடம் பெரிது. விருந்தாளிக்கு எழுந்து போக வேண்டிய நேரம் ஒன்று உண்டு. மாவு திரட்டுகிறவளுக்கு அது இல்லை.

சனிக்கிழமை காலை கப்பன் பார்க் போனதையும் சொல்ல வேண்டும். அல்சூர் வந்து மெட்ரோ ஏறினால் கொஞ்ச நேரம். 2023லிருந்து அங்கே சனிக்கிழமைகளில் முன்பின் அறியாதவர்கள் பாய் விரித்து, புல்லில் படுத்து, ஒன்றும் பேசாமல் புத்தகம் படிக்கிறார்கள். கப்பன் ரீட்ஸ் என்று பெயர். இரண்டு பேர் தொடங்கியது, இன்றைக்கு உலகத்தின் பல ஊர்களில் நடக்கிறது. பேர் கொடுக்க வேண்டாம், காசு வேண்டாம். பெரும்பாலும் இளையவர்கள், ஆங்கிலப் புத்தகங்கள். என் கையில் தமிழ்ப் புத்தகம். ஒரு மணி நேரம் கழித்து, சேலத்துப் பெண், ஐ.டி. வேலை, அட்டையைப் பார்த்து என் பாய்க்கு நகர்ந்து வந்தாள். வந்து இரண்டு வருடமாயிற்றாம். "இங்க வந்தா மட்டும் தனியா இருக்கிற மாதிரி இல்லை ஆன்ட்டி" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். திரும்ப இருவரும் படித்தோம்.

கௌதமபுரத்துக்கு ஒரு மாலை நடந்துதான் போனேன். அல்சூரை ஒட்டிய குடியிருப்பு, கால்பந்துக்குப் பேர் போனது. புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு அங்கே பெலேக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். தெருவெல்லாம் தமிழ்தான் கேட்கிறது. பந்து என் காலடிக்கு உருண்டு வந்தது, தட்டிவிட்டேன். ஒரு பையன் வீட்டுக்குள் ஓடிப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, "ஒக்காருங்கக்கா, இங்கேருந்து நல்லா தெரியும்" என்றான். இருட்டும் வரை உட்கார்ந்து பார்த்தேன்.

பயணிகளுக்கு இடம் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1897இல் குப்பி தோட்டதப்பா என்ற வியாபாரி, பெங்களூர் ரயில் நிலையத்துக்கு அருகில் நிலம் வாங்கி, வழிப்போக்கர் காசில்லாமல் தங்கச் சத்திரம் கட்டினார். நம் பக்கத்தில் ராணி மங்கம்மாள் சத்திரங்கள் கட்டியதை எங்கள் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் நடத்தியிருக்கிறேன். சத்திரத்துக்கு ஆங்கிலத்தில் சௌல்ட்ரி என்பார்கள்; இன்று பெங்களூரில் சௌல்ட்ரி என்றால் கல்யாண மண்டபம். பத்திரிகை இல்லாமல் உள்ளே போக முடியாது. மதுரையில் மங்கம்மாள் சத்திரத்து வாசலைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்குப் போனேன். ஒற்றையாக வந்த எத்தனை பேரை அது படுக்கவைத்திருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

கிளம்புகிற காலையில் ஏழரைக்குத் தர்ஷினிக்குப் போனேன். இன்றைக்கு ரயில் என்றேன். "அப்ப நாளைக்கு நான் முழுக் காபி குடிக்கணும்" என்றார் அந்தப் பெண். பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை, இருவருமே.

தனியாகப் போக நினைத்துத் தயங்குகிற பெண்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது: ஒரு ஊரில் ஐந்து நாளாவது இருங்கள், ஒரே கடைக்கு ஒரே நேரத்தில் போங்கள், நூலகம் எங்கே என்று முதல் நாளே விசாரியுங்கள், அன்னதானம் நடக்கும் இடத்தில் வேலை கேளுங்கள். ஊரில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. பூங்காவை மதியம் பூட்டாதீர்கள். பெஞ்சுக்கு நிழல் போடுங்கள், பக்கத்தில் பெண்கள் நம்பிப் போகக் கழிப்பறை வையுங்கள். உங்கள் தெருவில், உங்கள் கோயில் வாசலில், உங்கள் லாட்ஜ் மேசைக்கு எதிரில் ஒருத்தி ஒற்றைப் பையோடு வந்து நின்றால், கூட யாரு வந்திருக்காங்க என்று கேட்காதீர்கள். எந்த ஊரு என்று கேளுங்கள்.